சர்க்கரை சீமான் வீட்டு வியாதியா?

சூரமங்கலம் ஜங்ஷனை ஒட்டிய டீக்கடைகளில், ராத்திரி ஷிப்டு விட்டு ஆட்கள் வருகிற வேளையில் சற்று நின்று பாருங்கள். "அண்ணே, எனக்குச் சர்க்கரை போடாமே ஒரு டீ" என்ற குரல் அடிக்கடி காதில் விழும். ஒரு காலத்தில் இப்படிக் கேட்டவர் கடைக்கு ஒருவர் இருந்தால் அதிகம். அவரும் பெரும்பாலும் வாத்தியாராகவோ குமாஸ்தாவாகவோ இருப்பார். இன்று கேட்பவர்கள் யார்? பஞ்சாலைத் தொழிலாளி கேட்கிறார். விசைத்தறி ஓட்டுகிறவர் கேட்கிறார். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர் கேட்கிறார். வெள்ளிப் பட்டறையில் காலை மடக்கி உட்கார்ந்து கொலுசு பற்றவைக்கிறவர் கேட்கிறார்.

இருந்தும், "உழைக்கிற உடம்புக்குச் சர்க்கரை வராது" என்ற நம்பிக்கை நம்மவர்களை விட்டுப் போனபாடில்லை. மெத்தையில் சாய்ந்துகொண்டு நெய்யும் இனிப்புமாகத் தின்கிறவனுக்கு வருகிற வியாதி அது, வேர்வை சிந்துகிறவனை அது அண்டாது என்று பேசுகிறோம். சுயவிமரிசனமாகச் சொல்வதென்றால் நாமும் கூட்டங்களில் அப்படிப் பேசியதுண்டு. சீமான்களைக் கேலி செய்வதற்கு அந்தப் பேச்சு வசதியாக இருந்தது. அது தவறு. அந்தத் தவறு பலருடைய காலை, கண்ணை, சிறுநீரகத்தைப் பறித்திருக்கிறது. ஆகவேதான் இந்த வாரம் கூலி, போனஸ் பிரச்னைகளைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் எடுத்துவந்த ஆய்வில் 15 மாநிலங்களின் முடிவுகள் 2017இல் வெளியாயின. அதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகார் ஆகியவற்றின் நகரங்களில், வசதி படைத்தவர்களைவிட வசதி குறைந்தவர்களிடத்திலேயே இந்த வியாதி அதிகமாக இருந்தது! சீமான் டாக்டரிடம் போகிறான், நடைப்பயிற்சி செய்கிறான், தட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுகிறான். அவனை விட்டு நகர்ந்த வியாதி நம் சேரிக்கும் லைன் வீட்டுக்கும் குடிவந்துவிட்டது. அதே ஆய்வு 2023இல் முழுமையாக வெளியானபோது, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் கணக்குச் சொன்னது.

நமக்குத் தெரிந்த ஒரு தோழர். ஊரும் பேரும் வேண்டாம். சேகோ மில்லில் வேலை. குச்சிக்கிழங்கு அரைவைக்கு வருகிற மாதங்களில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்பார். பிறகு காயப்போடும் களத்தில் வெயிலில் நிற்பார். ஒரு கோடைகாலத்தில் அவருக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். களத்து வெயிலுக்குத் தாகம் எடுக்காமல் என்ன செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒன்றுக்கு அடிக்கடி போனார். மேஸ்திரி அதை "வேலைக் கள்ளத்தனம்" என்று கணக்கில் வைத்துக்கொண்டான். ஆள் இளைத்தார். வீட்டு அம்மாள், "ரெண்டு ஷிப்டு பார்க்கிற மனுஷன் இளைக்காம என்ன செய்வார்?" என்றார். ராத்திரியில் பாதம் எரிந்தது. விளக்கெண்ணெய் தடவிப் படுத்தார்.

ஒரு நாள் மாலை காலைக் கழுவும்போது பெருவிரலடியில் ஆணி ஏறியிருப்பதைக் கண்டார். எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியவில்லை. காலையிலா, முந்தின நாளா? வலியே இல்லை. வலி இல்லாததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். மூன்றாவது வாரம் விரல் கறுத்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை 400க்கு மேல்! இரண்டு விரல்களை எடுத்தார்கள். மூன்று மாதம் கூலி இல்லை. நாம் பார்க்கப் போயிருந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "நான் தின்னது ரேஷன் அரிசிதானே தோழர். எனக்கு எப்படிச் சர்க்கரை வந்தது?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லியாக வேண்டும்.

நாம் தின்னும் சோறானாலும், களியானாலும், கம்பங்கூழானாலும், ஜவ்வரிசிக் கஞ்சியானாலும் வயிற்றில் கரைந்து குளுகோஸ் என்னும் சர்க்கரையாக மாறித்தான் ரத்தத்தில் சேருகிறது. இனிப்புத் தின்றால்தான் சர்க்கரை என்பதில்லை. ரத்தம் அதைக் கைகால் தசைகளுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் கொண்டுபோகிறது. அங்கே அது எரிந்துதான் நமக்குத் தெம்பு. ஆனால் அது தசைக்குள் நுழைய இன்சுலின் வேண்டும். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்ற உறுப்பு அதைச் சுரக்கிறது.

மில் கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு லாரிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. கேட் பாஸ் போடுகிற ஆள் வரவில்லை, அல்லது வந்தும் அவன் பாஸை உள்ளே மதிக்க மாட்டேன் என்கிறார்கள். என்ன நடக்கும்? ரோட்டில் லாரிகள் நெரிசலாக நிற்கும்; உள்ளே மிஷின்கள் பஞ்சில்லாமல் நின்றுபோகும். நீரிழிவு என்பது இதுதான். ரத்தத்தில் சர்க்கரை தேங்கி நிற்கிறது, உடம்போ பட்டினி கிடக்கிறது. தேங்கிய சர்க்கரையைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. தனியாகத் தள்ள முடியாது, தண்ணீரோடு சேர்த்துத்தான் தள்ளும். அதனால் அடிக்கடி சிறுநீர். தண்ணீர் வெளியேறுவதால் தீராத தாகம். பட்டினி கிடக்கும் உடம்பு தன் சதையையே கரைத்து எரிப்பதால் இளைப்பு. அந்தத் தோழருக்கு ஏற்பட்டவை எல்லாம் ஒரே காரணத்தின் விளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வெயிலையும் வேலையையும் காரணம் காட்டியதுதான் நாம் எல்லோரும் செய்த பிழை.

குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும் வருகிற ஒரு வகை உண்டு. அதில் இன்சுலின் சுரப்பே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சில வாரங்களிலேயே குழந்தை வற்றிப்போகும்; படுக்கையில் சிறுநீர் கழிக்க ஆரம்பிக்கும்; வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சிரைப்பு என்று முற்றும். அப்படிக் கண்டால் மந்திரிக்கக் கொண்டுபோய் ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் மற்ற வகை. அது சத்தமில்லாமல், வருஷக்கணக்கில் மெதுவாக வருகிறது.

உழைப்பாளி தன் உடம்பில் எதைக் கவனிக்க வேண்டும்? தாகம், அடிக்கடி சிறுநீர், இளைப்பு மூன்றையும் சொல்லிவிட்டோம். ராத்திரியில் மூன்று நான்கு முறை எழுந்து போகவேண்டியிருந்தால் அது வயசுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. சாப்பிட்டும் அடங்காத பசி. தூங்கி எழுந்தும் தீராத அசதி. நூற்பு மிஷினில் அறுந்த இழை முன்போல் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கண்ணாடிக் கடைக்குப் போவதற்கு முன் சர்க்கரை பார்க்கவேண்டும். சர்க்கரை ஏறி இறங்கினால் பார்வையும் மங்கித் தெளியும். ஆறாத புண். திரும்பத் திரும்ப வரும் கட்டி. பாதத்தில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, பிறகு மரத்துப்போதல். செருப்பு காலிலிருந்து கழன்று போனது தெரியாமல் நடந்து வந்துவிட்டேன் என்று யாராவது சிரித்துக்கொண்டு சொன்னால், அது சிரிக்கிற விஷயமல்ல.

வெட்கப்பட்டு மறைக்கிற அறிகுறிகளும் உண்டு. பெண்களுக்குப் பிறப்புறுப்பில் ஓயாத அரிப்பு, வெள்ளைப்பாடு. ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் தளர்ச்சி. இதை லேகியக்காரனிடம் போய்ச் சொல்லிக் காசைத் தொலைக்கிறவர்கள் நர்ஸம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு சொட்டு ரத்தத்தில் விஷயம் தெரிந்திருக்கும். காசநோய் கண்டவர்கள் கட்டாயம் சர்க்கரை பார்க்கவேண்டும். நீரிழிவு உள்ளவரைக் காசநோய் பிடிக்கிற வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. பஞ்சுத் தூசியிலேயே காலம் தள்ளுகிற நாம் இருமலையும் தூசியின் தலையில் போட்டுவிடுகிறோம்.

எறும்பு மொய்த்தால்தான் சர்க்கரை என்று நம் கிராமங்களில் இன்னும் சொல்கிறார்கள். சிறுநீரில் சர்க்கரை மிகுந்தால் எறும்பு வரலாம். பழைய வைத்தியர்கள் அதைக் கவனித்தே "மதுமேகம்" என்று பெயர் வைத்தார்கள். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டிய பிறகுதான் பொதுவாகச் சிறுநீரில் இறங்கும். அதற்குக் கீழே வியாதி உள்ளே உட்கார்ந்துகொண்டிருக்கும், எறும்புக்குத் தெரியாது. சிறுநீரைக் காய்ச்சி நிறம் பார்க்கிற பழைய சோதனைக்கும் தெரியாது. இதைவிட முக்கியமான விஷயம், பலபேருக்கு எந்த அறிகுறியும் இராது என்பதுதான். ஆகவே 30 வயது கடந்த ஒவ்வொருவரும் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தாய் தகப்பனுக்குச் சர்க்கரை இருந்தவர்கள், இடுப்பு பருத்தவர்கள், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், பிரசவ காலத்தில் சர்க்கரை கண்ட பெண்கள் ஆகியோர் இதில் அலட்சியமே காட்டக் கூடாது. பல வருஷம் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவர்களுக்கு அபாயம் சற்று அதிகம் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு.

இனி பரிசோதனைச் சீட்டுக்கு வருவோம். சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, "நார்மலாம், நார்மல் இல்லையாம்" என்று சொல்கிறவர்களே அதிகம். பஞ்சப்படிக் கணக்கில் ஒரு பைசா குறைந்தால் கண்டுபிடிக்கிற நம் தொழிலாளிக்கு இந்த எண்கள் ஒன்றும் கஷ்டமல்ல.

சீட்டில் 100 என்று இருந்தால், 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராம் சர்க்கரை என்று அர்த்தம். நம் உடம்பில் ஓடுவது சுமார் 5 லிட்டர் ரத்தம். கணக்குப் போடுங்கள்: மொத்தம் 5 கிராம். ஒரு டீ ஸ்பூன்! இவ்வளவு பெரிய உடம்பின் ரத்தம் முழுவதிலும் இருக்கவேண்டிய சர்க்கரை அந்த ஒரு ஸ்பூன்தான். சேகோ மில் தோழரின் ரத்தத்தில் நான்கு ஸ்பூனுக்கு மேல் இருந்தது. அந்த மூன்று ஸ்பூன் வித்தியாசம் வருஷக்கணக்கில் நீடித்தால் கண்ணின் நுண்ணிய ரத்தக் குழாய்களும், சிறுநீரகமும், கால் நரம்புகளும் பாழாகின்றன.

முதல் சோதனை வெறும் வயிற்றில் எடுப்பது. எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது; தண்ணீர் குடிக்கலாம். 100க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை வாசற்படியில் நிற்கும் நிலை. 126ம் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு. இங்கே ராத்திரி ஷிப்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. "வெறும் வயிறு" என்றால் காலை நேரம் என்று அர்த்தமில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு மிஷின் பக்கத்தில் நின்றபடி ஒரு டீயும் பன்னும் போட்டுவிட்டு, ஏழு மணிக்குப் போய் "வெறும் வயிறு" என்று ரத்தம் கொடுத்தால் அந்த எண் பொய்யான எண். டீ குடித்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது சோதனையில் 75 கிராம் குளுகோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140க்குக் கீழே நல்லது. 140 முதல் 199 வரை வாசற்படி. 200ம் மேலும் நீரிழிவு. கர்ப்பிணிப் பெண்களுக்கு அளவு வேறு. அவர்களுக்குச் சாப்பிட்டிருந்தாலும் குளுகோஸ் கொடுத்துப் பார்க்கும் முறை நம் சுகாதார நிலையங்களில் உண்டு. இரண்டு மணி நேரம் கழித்து 140 வந்தாலே சிகிச்சையும் கவனிப்பும் தேவை. வயிற்றிலிருக்கும் பிள்ளையின் நலமும் இதில் அடங்கியிருப்பதால், நடவு வேலை போகிறதே என்று கர்ப்பிணிகள் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். அந்த இரண்டு மணி முதல் கவளத்திலிருந்து கணக்கு. சோதனை நாள் என்பதற்காக வழக்கமான மாத்திரையை நிறுத்துவதும், வழக்கமான சாப்பாட்டுக்குப் பதில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வதும் டாக்டரை ஏமாற்றுவதாகாது, தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும்.

மூன்றாவது எச்.பி.ஏ.1.சி. என்கிற சோதனை. பெயர்தான் பயமுறுத்துகிறது. ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடு இருக்கின்றன. அந்த நாட்களில் அவற்றின்மேல் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து தப்பிக்க முடியாது. இதற்கு வெறும் வயிறும் தேவையில்லை. 5.7க்குக் கீழே நல்லது, 5.7 முதல் 6.4 வரை வாசற்படி, 6.5ம் மேலும் நீரிழிவு. ஆனால் ரத்தசோகை உள்ளவர்களிடம் இந்த எண் சரியாக இராது. இரும்புச்சத்துக் குறைவினால் வரும் சோகையில் உண்மையைவிட ஏற்றிக் காட்டிவிடும். நம் விவசாயத் தொழிலாளிப் பெண்களில் சோகை இல்லாதவர்களைத் தேடவேண்டிய நிலை இருக்கிறது. ஆகவே அவர்கள் இந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது.

விரலில் குத்திச் சிறு கருவியில் பார்ப்பது சல்லடை போட்டுச் சலிப்பது போல. அதில் அதிகம் காட்டினால் ஆஸ்பத்திரியில் கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து உறுதி செய்யவேண்டும். தாகமும் இளைப்பும் இருந்து, எந்த நேரத்தில் பார்த்தாலும் 200ஐத் தாண்டினால் சந்தேகத்துக்கு இடமில்லை. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து நீரிழிவு என்று முத்திரை குத்தக் கூடாது. இன்னொரு சோதனையும் அதையே சொல்லவேண்டும். சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். போன வருஷம் 98, இந்த வருஷம் 112 என்று பார்த்தால்தான் வண்டி எந்தப் பக்கம் போகிறதென்று தெரியும்.

வாசற்படியில் நிற்கிறவர்கள் உள்ளே போய்த்தான் ஆகவேண்டுமா? இல்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இப்படிப்பட்ட 531 பேரைச் சேர்த்து மூன்றாண்டுகள் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். சும்மா விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் உடலசைவையும் திருத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பினார்கள். நம் ஆலைக் கணக்கில் யோசித்தால் அது ஒரு ஷிப்டின் பெரும் பகுதி ஆட்கள்.

உணவு என்று சொன்னவுடன் நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. வருவது நியாயமே. "பழம் சாப்பிடு, பாதாம் சாப்பிடு, அரிசியைத் தொடாதே" என்று உபதேசம் செய்கிறவர்கள் நம் கூலியைக் கணக்குப் பார்த்ததில்லை. ரேஷன் அரிசி யாரும் போட்ட பிச்சையுமல்ல. பசியை எதிர்த்து மக்கள் போராடிப் பெற்ற உரிமை. அதை விட்டுவிடு என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் உண்மையையும் மறைக்கமாட்டோம். தீட்டிய அரிசிச் சோறு தட்டு நிறைய, அதற்குத் தொட்டுக்கொள்ளத் துளி ஊறுகாய் என்றால் சர்க்கரை விர்ரென்று ஏறும். மூட்டை தூக்கிய நம் பாட்டனுக்கு அது தாங்கியது. ஒரே இடத்தில் நின்று தறி ஓட்டுகிற பேரனுக்குத் தாங்கவில்லை. சோற்றைக் கால் பங்கு குறைத்து, அந்த இடத்தில் பயறோ, கொள்ளோ, கீரையோ, அவரையோ வைக்கவேண்டும். நாமக்கல் முட்டை தேசமெல்லாம் போகிறது. நம் வீட்டுக்கும் வரட்டும். ராகிக் களி சாப்பிட்டால் சர்க்கரையே ஏறாது என்பதும் கட்டுக்கதை. அதுவும் மாவுதான்; அளவு வேண்டும். நம் ஜில்லாவின் ஜவ்வரிசி சுத்தமான மாவுச்சத்து. காய்ச்சலுக்கு அதைக் கஞ்சி போட்டுக் குடிக்கிற சர்க்கரை நோயாளி எச்சரிக்கையாக இருக்கவேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஐந்து டீ என்றால் ஒரு நாளைக்குப் பத்து ஸ்பூன் சர்க்கரை உள்ளே போகிறது. பசியை அடக்கவும் தூக்கத்தை விரட்டவும்தான் அந்த டீ என்பது நமக்குத் தெரியாததல்ல. கேண்டீனில் மலிவு விலைக்குச் சுண்டல் கிடைத்தால் டீயின் எண்ணிக்கை தானாகக் குறையும்.

வியாதி உறுதியான பிறகு செய்யக் கூடாதது என்ன? "மாத்திரை சூடு" என்று நிறுத்துவது. "வேரோடு ஒழிக்கிறேன்" என்று பொடி விற்கிறவனிடம் ஒரு மாதக் கூலியைக் கொடுப்பது. "இன்சுலின் ஊசி போட்டால் கடைசிக் கட்டம்" என்று அஞ்சுவது. இந்த இன்சுலின் எப்படி வந்தது? 1921இல் கனடாவின் டொரண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாகப் போடப்பட்டது, அவன் பிழைத்தான். காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். பாண்டிங் அதில் தன் பெயரைச் சேர்க்க முதலில் சம்மதிக்கவில்லை. உலகத்துக்குச் சொந்தமாகட்டும் என்று கொடுத்ததை, இன்று மூன்று பெரும் கம்பெனிகள் கையில் வைத்துக்கொண்டு உலகச் சந்தையில் பெரும்பகுதியை ஆளுகின்றன. அதனாலேயே சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் இன்சுலின் குப்பியையும் மாத்திரை அட்டையையும் நாம் கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கவேண்டும். ஸ்டாக் இல்லை என்று சொல்லி வெளியே எழுதிக்கொடுத்தால் பேசாமல் திரும்பி வராமல், சங்கத்துக்குச் சொல்லவேண்டும்.

மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கரும்பு வெட்டப் போகக் கூடாது. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தலை சுற்றும், பேச்சுக் குழறும். குடித்திருக்கிறான் என்று மேஸ்திரி நினைப்பான். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். கால் மணியில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்குச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும்போது மடியில் ஒரு துண்டு வெல்லம் இருக்கட்டும். ராத்திரி படுக்குமுன் இரண்டு பாதத்தையும் விளக்கில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு வரப்பில் நடக்கக் கூடாது. ஆண்டுக்கொரு முறை கண்ணின் உட்புறத்தையும், சிறுநீரில் ஆல்புமினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டோம். "ஆஸ்பத்திரியில் இலவசம்தானே, போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று நிர்வாகத்தார் கேட்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும், சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் சோதனை இலவசம்தான். நேரம் இலவசமா? வெறும் வயிற்றில் ஒரு முறை, இரண்டு மணி கழித்து ஒரு முறை, முடிவு வாங்க ஒரு முறை. தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து நடத்தும் தறிக்கூடத்தில் இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை; விவசாயத் தொழிலாளிக்கு அது எங்குமே கிடையாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" வீடு தேடி வந்தது, வரவேற்றோம். ஆனால் வீட்டுக்கு அந்தச் சகோதரிகள் வருகிற நேரத்தில் நம்மவர் காட்டிலும் மில்லிலும் இருந்தார்கள். அற்ப ஊக்கத்தொகைக்கு வெயிலில் அலைகிற அவர்களும் உழைப்பாளிகளே. 2024இல் தொழிற்சாலைகளுக்கே போய்ப் பரிசோதிக்கும் ஏற்பாடும் தொடங்கப்பட்டது. பெரிய ஆலைகளோடு அது நின்றுவிடக் கூடாது. தறிக்கூடம், வெள்ளிப் பட்டறை, சேகோ மில், லாரிப் பட்டறை வரை வரவேண்டும்.

ஒன்றுக்குப் போகிற விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 19ஆம் பிரிவில், வேலை நேரம் முழுவதும் தொழிலாளி போய்வரக்கூடிய விதத்தில் கழிப்பிடம் இருக்கவேண்டுமென்று அப்போதே எழுதியது. இருந்தும் எத்தனை இடங்களில் டோக்கனும், நிமிஷக் கணக்கும், மேஸ்திரியின் ஏச்சும்! அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் எட்டு மணி நேரம் நிற்கிற பெண்கள் நம் ஜில்லாவில் இருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிக்கு இது கொடுமையிலும் கொடுமை.

வரும் மாதம் நடக்கும் கிளைக் கூட்டங்களில் இந்த விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமென்று ஆலைச் சங்கத் தோழர்களையும் விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களையும் கேட்டுக்கொள்கிறோம். 30 வயதுக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் பெயர், ஷிப்டு, கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். அதோடு வட்டார ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமும் ஆலை நிர்வாகத்திடமும் மனுக் கொடுங்கள். மூன்று கோரிக்கைகள் போதும்: ஷிப்டு மாறும் வேளையில் கேட்டிலேயே பரிசோதனை, சோதனைக்குப் போகும் அரை நாளுக்குக் கூலி, கழிப்பிடம் போக டோக்கன் ஒழிப்பு. கிராமங்களில் வேலைக்குப் புறப்படும் நேரமான காலை ஆறு மணிக்கு நர்ஸம்மா சாவடிக்கு வரமுடியுமா என்று கேளுங்கள். முன்கூட்டித் தேதி சொன்னால், வெறும் வயிற்றோடு ஆட்களைத் திரட்டி நிறுத்துவது நம் வேலை.